இடது கண்ணின் ஒன்பது நாட்கள்

என் இடது கண்ணில் முதல் அடி கயிற்றால் விழுந்தது. அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. போர்ட் பிளேரில் ஒரு கான்ட்ராக்டரின் சரக்குப் படகில் ஸ்ராங்காக இருந்தேன். ஸ்ராங்கு என்றால் சுக்கான் பிடிப்பவன். படகுக்கும் அதிலிருக்கும் ஆட்களுக்கும் அவன்தான் பொறுப்பு. சிமெண்டு, தகர ஷீட்டு, அரிசி, கோழித்தீவனம், எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு பக்கத்துத் தீவுகளுக்குப் போய்வருவோம். ஒரு நாள் ஜெட்டியில் படகைக் கட்டிக்கொண்டிருந்தபோது அலை அதைத் தூக்கிப் பின்னால் இழுத்தது. முறுக்கேறி நின்ற நைலான் கயிறு அறுந்து, அதன் நுனி என் முகத்தில் அறைந்தது. கண் சிவந்து வீங்கி இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. சரியாகிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

நாலு வருஷம் கழித்து அந்தக் கண்ணில் மட்டும் புரை விழுந்தது. பழைய அடியின் வேலைதான் அது என்றார் போர்ட் பிளேர் டாக்டர். புரையை எடுத்துவிட்டு லென்ஸ் வைத்தார். மறுநாள் கட்டைப் பிரித்துவிட்டு வெளியே வந்தபோது வெயிலில் எல்லாம் கழுவி வைத்ததுபோல இருந்தது. படகில் ஏறியதும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்க்கரையைப் பார்த்தேன். பம்பூ பிளாட் பக்கத்துத் தென்னைகளைத் தனித்தனியாக எண்ண முடிந்தது.

அனுப்பும்போது டாக்டர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "இது அடிபட்ட கண்ணு, ஆபரேஷனும் ஆயிருக்கு. கறுப்பா ஏதாவது பறந்தாலோ, மின்னல் மாதிரி வெட்டினாலோ, ஓரத்துல நிழல் விழுந்தாலோ, அன்னிக்கே வந்துரணும். நாளைக்குன்னு வைக்கக் கூடாது." தலையாட்டினேன். என் மனைவியும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

இரண்டு வருஷம் எந்தத் தொந்தரவும் இல்லை. பிறகு ஒரு திங்கட்கிழமைக் காலை, சாத்தம் ஜெட்டியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது, வீல்ஹவுஸ் என்கிற சுக்கான் அறையின் கண்ணாடியில் டீசல் கரி ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். துணியை எடுத்துத் துடைத்தேன். கரி போகவில்லை. வெளியே போய் மறுபக்கமும் துடைத்தேன். அப்போது தண்ணீரின் மேலும் அதே கரித்துகள்கள் இருந்தன. நான் எங்கே பார்த்தாலும் கொஞ்சம் பின்தங்கி அங்கே வந்து சேர்ந்தன. நின்ற இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதம் என் லைசென்ஸுக்கு மெடிக்கல் இருந்தது. கண்ணில் குறை என்று எழுதிவிட்டால் சுக்கானைத் தொட முடியாது. முப்பது வருஷமாக வேறு வேலை எதுவும் பார்த்தவனில்லை நான். ஒரே மகளை வடக்கே, ஒரு பகல் பஸ் தூரத்தில் இருக்கும் மாயாபந்தரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம். இப்போது ஆஸ்பத்திரி என்று கிளம்பினால் வீடே ஆடிப்போகும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி பயம். டாக்டர் பார்த்துச் சொன்னால்தான் வியாதி, சொல்லாதவரை அது வெறும் கரி.

நாலாம் நாள் மின்னல் வந்தது. கண்ணைச் சட்டென்று திருப்பும்போது ஓரத்தில் வெள்ளையாக ஒரு வளைவு வெட்டிவிட்டுப் போகும். ஆறாம் நாள் நிழல். இடது தோளுக்குப் பக்கத்தில் யாரோ வந்து நிற்பது மாதிரி இருந்தது. இரண்டு மூன்று தடவை "என்னய்யா" என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. வீட்டில் சாப்பிடும்போது மீனில் முள் எது சதை எது என்று தட்டுப்படாமல், மனைவியை எடுத்துத் தரச் சொன்னேன். "கண்ணாடிய மாத்துங்க, பழசாயிட்டு" என்றாள். அவள் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவள். கண்ணைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். சரி, மாத்துவோம் என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தேன்.

ஒன்பதாம் நாள் காலை சரக்கை இறக்கிவிட்டு வெறும் படகுடன் திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னால் நின்றுகொண்டிருந்தவர் என்னுடன் பதினோரு வருஷமாக வேலை செய்த ராஞ்சிக்காரர். என் வயதுதான் அவருக்கும். தீவில் நாங்கள் எல்லாரும் பேசும் இந்திதான் எங்கள் இருவருக்கும் நடுவில் பாஷை. திடீரென்று அவர் இரண்டு கையையும் தூக்கி, "பாயே, ஸ்ராங் சாப், பாயே தேக்கோ" என்று கத்தினார். இடது பக்கம் பார்க்கச் சொல்கிறார். பார்த்தேன். வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. அவர் குரலை நம்பிச் சுக்கானை வலதுபுறம் முழுக்கத் திருப்பி எஞ்சினைக் குறைத்தேன்.

நிழலுக்குள்ளிருந்து ஒரு சின்ன மீன்பிடி டிங்கி வெளியே வந்தது. வலை எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஆளும், துடுப்பைக் குறுக்கே பிடித்தபடி ஒரு பெண்ணும் இருந்தார்கள். எங்கள் படகின் பக்கத்துக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இருந்திருக்கும். எங்கள் அலையில் டிங்கி எழுந்து விழுந்தது. அந்தப் பெண் சத்தம் போடவில்லை, திட்டவும் இல்லை. அண்ணாந்து வீல்ஹவுஸில் என்னைப் பார்த்தாள். இவன் பார்த்துக்கொண்டேதான் வந்தானா என்று கேட்பது போன்ற பார்வை.

படகைக் கட்டியதும் ராஞ்சிக்காரர் மேலே ஏறி வந்தார். என் இடது பக்கமாக நின்றுகொண்டு, "கித்னா உங்லி ஹை, போலோ" என்றார். எத்தனை விரல் என்று கேட்கிறார். விரல் இருக்கட்டும், கை எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. அவர் கையை இறக்கிவிட்டு, "சலோ, ஆஸ்பத்திரி" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆட்டோ பிடித்துக் கூடவே வந்தார். வழியில் என் மனைவிக்கு அவரே போன் போட்டார்.

டாக்டர் கண்ணை விரியவைத்து வெகுநேரம் பார்த்தார். "விழித்திரை பிரிஞ்சு வந்திருச்சு. நடுப்பகுதி மட்டும் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு. அது போறதுக்குள்ள மெயின்லேண்ட் போயிரணும். இதுக்கான ஆபரேஷன் இங்க செய்ய முடியாது." எத்தனை நாளாக என்று கேட்டார். என் மனைவி அப்போதுதான் மூச்சிரைக்க உள்ளே வந்து நின்றாள். "மூணு நாளு இருக்கும் சார்" என்றேன்.

அன்றைய விமானங்கள் போய்விட்டன. மறுநாள் காலைக்கு டிக்கெட் கிடைத்தது. மறுநாள் மழை. விமான நிலையத்தில் நாற்காலியில் தலையை அசைக்காமல் சாய்ந்திருந்தேன். கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதை வெள்ளையாக மறைந்து கிடந்தது. சென்னையிலிருந்து வந்த விமானம் மேலே சுற்றிவிட்டு இறங்காமல் திரும்பிப் போனது என்று அறிவித்தார்கள். நான் மணிக்கொருதரம் வலது கண்ணைப் பொத்தி எதிரே உட்கார்ந்திருந்த என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். காலையில் முழு முகமும் இருந்தது. மதியம் ஒரு கன்னம் இல்லை. நிழல் மூக்கு வரை வந்து நின்றது. மாலை வீடு திரும்பும்போது கண்களும் இல்லை, நெற்றி மட்டும் தண்ணீருக்கடியில் கிடப்பது மாதிரி நெளிந்தது. அவளிடம், "பரவால்ல, அப்படியேதான் இருக்கு" என்றேன்.

அதற்கடுத்த நாள் சென்னை போய்ச் சேர்ந்தோம்.

அறுவை செய்த டாக்டர் ஐம்பது வயதையொட்டிய பெண். அவசரமில்லாமல் பேசுவார். ஒரு தாளில் வட்டம் போட்டு விளக்கினார். "சுவத்துல ஒட்டின போஸ்டர் ஈரம் பட்டுப் பிரிஞ்சு வரும் பாருங்க, அப்படித்தான் ஆயிருக்கு. எங்கேயோ ஒரு ஓட்டை விழுந்து, அது வழியா தண்ணி பின்னாடி போயிருக்கு. அந்த ஓட்டையைக் கண்டுபிடிச்சு அடைக்கணும். சாதாரணக் கண்ணுன்னா வெளியிலேர்ந்தே தேடிடலாம். உங்க கண்ணுல ஏற்கெனவே ஆபரேஷன் நடந்திருக்கு. லென்ஸைச் சுத்தி இருக்கற சவ்வு வெளுத்துப்போயிருக்கு. ஓரம் சரியாத் தெரியலை. இந்த மாதிரிக் கண்ணுல ஓட்டைங்க ரொம்பச் சின்னதா, ஓரத்துல ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும். உள்ளே போய்த்தான் தேடணும்." பிறகு, "மூணு நாள்தானா?" என்று கேட்டார்.

"ஆமா."

"பார்த்தா அதுக்கும் பழசு மாதிரி இருக்கு. மடிப்பு விழ ஆரம்பிச்சிருக்கு."

பக்கத்தில் என் மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "மூணு நாள்தான் டாக்டர்" என்றேன் மறுபடியும்.

கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்கள். நினைவு இருந்தது. முகத்தை மூடிய துணிக்கடியில் என் மூச்சின் சூடு. கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லியை வெட்டி எடுக்கும் கருவியின் சத்தம், தையல் மெஷின் தூரத்தில் ஓடுவதுபோல விடாமல் கேட்டது. வலி இல்லை. அந்தக் கண்ணிலேயே ஏதோ நிழல்கள் நீந்துவதைப் பார்த்தேன். அதில் ஒன்று மெல்லிய குச்சி மாதிரி வந்து, எதையோ தடவி, திரும்பிப் போனது. ஒரு இடத்தில் டாக்டர், "இதோ இருக்கு" என்றார். சற்று நேரம் கழித்து, "இன்னொண்ணும் இருக்கு" என்றார். இரண்டு ஓட்டைகளைச் சுற்றியும் லேசர் போட்டு, கடைசியில் கண்ணுக்குள் வாயுவை நிரப்பினார். அந்த வாயுக் குமிழிதான் திரையைச் சுவரோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். குமிழி மேலே மிதக்கும் என்பதால் நான் முகம் கவிழ்ந்தே கிடக்க வேண்டும்.

கையில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டார்கள். கண்ணில் வாயு இருக்கிறது, விமானத்தில் ஏற்றக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது. மேலே போனால் வாயு விரியும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறி இருக்கிற பார்வையும் போய்விடும் என்றார்கள். வாயு கரைய ஒன்றரை இரண்டு மாதம் ஆகும்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். இரண்டு வாரம் நான் பார்த்ததெல்லாம் தரைதான். பச்சை மொசைக், அதில் ஒரு விரிசல், வந்துபோகும் என் மனைவியின் பாதங்கள். முப்பது வருஷமாகக் கூட வாழ்ந்தவளின் குதிகாலில் எத்தனை வெடிப்பு என்று அந்த அறையில்தான் தெரிந்தது. கஞ்சியில் ஸ்ட்ரா போட்டு வாய்க்குக் கீழே நீட்டுவாள். சொட்டு மருந்து போட மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அப்போது நாலைந்து நொடி அவள் முகம் தெரியும். கழுத்து மரத்துப்போய், நெற்றியில் தலையணையின் தையல் பதிந்து புண்ணானது.

இரண்டாம் வாரப் பரிசோதனையில் திரை ஒட்டியிருக்கிறது என்றார் டாக்டர். அன்றைக்கே மாயாபந்தரிலிருந்து மகள் போன் செய்தாள். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, எந்நேரமும் ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம் என்கிறார்கள், அம்மா எப்போது வருவாள் என்று அழுதாள். மனைவியை மட்டும் விமானத்தில் போகச் சொன்னேன். "ஒங்கள இங்க குப்புறப் போட்டுட்டு நான் எப்படிப் போவேன்" என்றாள். டாக்டரிடம் கேட்டோம். கப்பலில் போவதென்றால் போகலாம், ஆனால் பாதி நேரமாவது கவிழ்ந்து கிடக்க வேண்டும் என்றார். நாலு நாள் கழித்துப் புறப்பட்ட கப்பலில் பங்க் கிளாஸில் இரண்டு படுக்கை கிடைத்தது.

சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவே மூன்று நாள். எத்தனையோ தடவை வந்த பாதை. வாழ்நாளில் எனக்குக் கடலில் குமட்டியதே இல்லை. புதுசாக வருகிறவர்கள் வாந்தி எடுப்பதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அந்தப் பயணத்தில், கீழ்ப்படுக்கையின் விளிம்பில் நெற்றியை வைத்து இரும்புத் தரையைப் பார்த்தபடி கிடந்தபோது, கப்பல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணுக்குள் குமிழி தளும்பியது. உள்ளே ஒரு கப்பல், வெளியே ஒரு கப்பல். இரண்டும் வெவ்வேறு பக்கம் ஆடின. குடல் வெளியே வருமளவு வாந்தி எடுத்தேன். ஒவ்வொரு தடவையும், இந்த முக்கலில் திரை மறுபடி பிய்ந்துவிடும் என்று கண்ணைக் கையால் பொத்திக்கொண்டேன். மேல்படுக்கையிலிருந்த வங்காளிப் பெரியவர் எலுமிச்சம்பழம் ஒன்றை நீட்டி, "பெஹலி பார் ஜா ரஹே ஹோ க்யா?" என்று கேட்டார். முதல் தடவை போகிறீர்களா என்று. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாம் நாள் மதியம் என் மனைவி தரையில் துண்டை விரித்து என் முகத்துக்கு நேர் கீழே உட்கார்ந்தாள்.

"அந்த டாக்டரம்மா மூணு நாளுக்கு மேல இருக்கும்போலன்னு சொன்னாங்கள்லா. நெசத்தச் சொல்லுங்க. எத்தன நாளாத் தெரியும் ஒங்களுக்கு?"

"ஒம்பது நாளு."

"நம்ம கோயிலுக்குப் போயிட்டு வந்த ஞாயித்துக்கெழமையா?"

"அதுக்கு மறுநாளு."

அவள் மனதுக்குள் அந்த நாட்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது தெரிந்தது. "மீனுக்கு முள்ளெடுத்துத் தரச் சொன்னீங்களே, அன்னைக்கும் தெரியும்."

"தெரியும்."

"ஏர்போர்ட்டுல, பரவால்லன்னு சொன்னப்ப?"

அவள் எழுந்துபோய்ச் சொட்டு மருந்தை எடுத்துவந்தாள். நேரம் ஆகியிருந்தது. முகத்தைத் திருப்பினேன். சொட்டை விட்டாள், பஞ்சால் ஒற்றினாள், மூடியை இறுக்கினாள். கப்பல் போர்ட் பிளேர் சேரும்வரை பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. மருந்து நேரம் ஒன்றுகூடத் தவறவில்லை.

பத்து நாள் கழித்து மாயாபந்தரில் பேத்தி பிறந்தாள். என் மனைவி அங்கேயே தங்கிவிட்டாள். நான் பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்பதால் போர்ட் பிளேர் வீட்டில் தனியாகக் கிடந்தேன். காலையும் மாலையும் ராஞ்சிக்காரர் வந்து மருந்து போட்டுவிட்டு, அவர் வீட்டுச் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போவார். பேத்தியை போனில் பார்த்தேன், வலது கண்ணால். இடது கண்ணில் குமிழி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டு வந்தது. அதன் விளிம்பு ஒரு கோடு மாதிரி தெரியும். கோட்டுக்கு மேலே கலங்கலாக உலகம். நடந்தால் கோடு ஆடும்.

மனைவி திரும்பி வந்த அன்று, பையை வைத்துவிட்டு முதலில் அவள் சொன்னது இதுதான்: "கண்ணு போனா போவுது, அதுக்குக் கோவமில்ல எனக்கு. பக்கத்துலயே படுத்துக்கிட்டு ஒம்பது நாளு வாயத் தொறக்கலையே. நானும் ஒருத்தி இருக்கேன்னு தோணலையே ஒங்களுக்கு." சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுந்தேன். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் வாசல்வரை போய்விட்டு வந்து உட்கார்ந்தேன்.

குமிழி ஒரு கடலை அளவுக்குச் சிறுத்து, ஒரு காலையில் காணாமல்போனது. வலது கண்ணைப் பொத்திக் காலண்டரைப் பார்த்தேன். கட்டங்கள் வளைந்திருந்தன, எழுத்து படிக்க முடியவில்லை, ஆனால் காலண்டர் என்று தெரிந்தது. மனைவியின் முகம் தெரிந்தது. மூக்கு கொஞ்சம் கோணலாக, ஆனால் முழு முகம். நாலு நாள் அப்படி இருந்தது.

ஐந்தாம் நாள் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது மறுபடி நிழல் வந்தது. இந்தத் தடவை மேலிருந்து, கடை ஷட்டரை இறக்குவது மாதிரி. வாயில் நுரையோடு அடுப்படிக்குப் போய், "வந்துட்டு. இப்பத்தான். மேல இருந்து" என்றேன். அவள் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு நேரே அலமாரிக்குப் போய் ஆதார் கார்டுகளை எடுத்தாள். கண்ணில் வாயு இல்லாததால் விமானத்தில் ஏறத் தடையில்லை. மழையும் இல்லை. மறுநாள் மதியம் அதே டாக்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

அவரிடம் முதலில் உண்மையைச் சொன்னேன். "அம்மா, அன்னைக்கு மூணு நாளுன்னு சொன்னது பொய். ஒம்பது நாளு. அப்பறம் மழையில ஒரு நாளு."

"அப்பவே எனக்குச் சந்தேகம்தான்" என்றார். பிறகு கண்ணைப் பார்த்துவிட்டு வந்து, "இந்தத் தடவை நீங்க தாமதிக்கலை. ஆனா கண்ணு தழும்பு போடறதுல அவசரப்பட்டிருச்சு. திரை மேலேயும் கீழேயும் தழும்பு சவ்வு படர்ந்து, அதைச் சுருக்கி இழுத்திருக்கு. காய்ஞ்ச இலை மாதிரி. அடிபட்டு, ரெண்டு ஆபரேஷன் பார்த்த கண்ணு, திரையும் பல நாள் பிரிஞ்சே கிடந்திருக்கு. அதுல இது நடக்கும். சவ்வை உரிச்செடுத்து, கண்ணைச் சுத்தி வெளியே ஒரு பட்டை கட்டி, உள்ளே எண்ணெய் நிரப்பிப் பார்ப்போம். வாசிக்கற பார்வை வரும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

"நான் மொதல்லயே வந்திருந்தா?"

"முதல் ஆபரேஷனுக்கு இன்னும் நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். அவ்வளவுதான் சொல்ல முடியும். உறுதி சொல்ல முடியாது."

இந்த ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்தார்கள். வெகுநேரம் ஆனதாம். எண்ணெய் நிரப்பிய கண் வழியாகப் பார்த்தால் அழுக்குத் தண்ணீரில் முக்கி எடுத்த உலகம். மூன்று மாதத்தில் எண்ணெயை எடுப்பதாக இருந்தது. அதற்குள் கண்ணில் அழுத்தம் ஏறியது, பிறகு ஒரேயடியாக இறங்கியது. கருவிழி மங்கிப் பால் படிந்தது. திரையின் கீழ்ப்பாதி மறுபடியும் சுருங்கிக்கொண்டது. கடைசியாகப் போனபோது டாக்டர் டார்ச்சை ஒவ்வொரு பக்கமாக அடித்து, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்டார். ஒரு பக்கம் மட்டும் சரியாகச் சொன்னேன். அவர் டார்ச்சை மேஜைமேல் வைத்தார்.

"இனிமே இந்தக் கண்ணைத் தொட வேண்டாம். எண்ணெயை எடுத்தா கண்ணு சுருங்கிப்போயிரும். உருவமாவது இருக்கட்டும்." முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் சொன்னார். பிறகு வலது கண்ணைப் பார்த்து, ஓரத்தில் திரை ஓரிடத்தில் மெலிந்திருக்கிறது என்று சொல்லி அன்றைக்கே லேசர் போட்டுவிட்டார்.

லைசென்ஸ் போயிற்று. கான்ட்ராக்டர் நல்ல மனிதர். ஃபீனிக்ஸ் பே பக்கத்தில் அவருடைய கோடவுனில் சரக்கு வருவதையும் போவதையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். முதல் வாரம் பழைய ஞாபகத்தில் படகுக்கு ஏறப் போனேன். ஜெட்டிக்கும் படகுக்கும் நடுவில் இருந்த இடைவெளி ஒற்றைக் கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்தது. அதில் காலை வைத்தேன். தொடைவரை போய்விட்டது. படகு அலையில் ஜெட்டியை நோக்கி வந்துகொண்டிருந்தது. ராஞ்சிக்காரர் சட்டைக் காலரைப் பிடித்து என்னை மேலே இழுத்துப்போட்டார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். "அப் நஹி சட்னா, சாப்" என்றார். இனி ஏற வேண்டாம். அதன்பிறகு ஏறவில்லை. டீயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுவது மட்டும் பல மாதங்கள் தொடர்ந்தது. அந்த டிங்கியில் இருந்த பெண்ணைத் தேடிப் போக வேண்டும் என்று டீ சிந்தும் ஒவ்வொரு தடவையும் நினைத்ததுண்டு. போகவில்லை. முகமே எனக்குச் சரியாக நினைவில்லை, அந்தப் பார்வை மட்டும்தான்.

இப்போது என் மனைவிக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஊசியில் நூல் கோக்க விரலால் தடவிப் பார்க்கிறாள். வெள்ளைச் சட்டையில் வெள்ளைத் தையல் எங்கே போகிறது என்று தெரியாமல் பிரித்துப் பிரித்துத் தைக்கிறாள். ஆபரேஷன் என்றால் எழுந்துபோய்விடுகிறாள்.

ஒரு நாள் மெஷினுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சொன்னேன். "எனக்குப் புரை ஆபரேஷன்னால போகல. கயிறு அடிச்ச கண்ணு அது. நான் வேற மறச்சேன். ஒனக்கு அப்படி ஒண்ணும் இல்ல. எத்தனையோ பேரு செய்துக்கிட்டு நல்லாத்தான் இருக்காங்க."

"ரெண்டாந்தடவை மறைக்கலையே" என்றாள், துணியிலிருந்து தலையைத் தூக்காமல். "பல்லு தேச்ச வாயோட வந்து சொன்னீங்க. மறுநாளே ஓடினோம். அப்பயும் போச்சே."

தழும்பைப் பற்றி டாக்டர் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னேன். அவளும் அதைக் கேட்டவள்தான். மெஷினை இரண்டு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்தினாள். "அந்த டாக்டரம்மாகிட்டன்னா காட்டுதேன். வேற யாருகிட்டயும் மாட்டேன்" என்றாள்.

போன வாரம் சென்னை வந்து சேர்ந்தோம். இதை எழுதுவது அந்த ஆஸ்பத்திரியின் வெளித்தாழ்வாரத்தில் உட்கார்ந்து. அவளுக்குக் கண்ணை விரியவைக்கும் மருந்து போட்டிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு என் சட்டைக் கையைப் பிடித்தபடி இருக்கிறாள். எங்களுக்கு முன்னால் உள்ளே கூப்பிட இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள்.